கடலோரத்துல தொலைநோக்கியா? உப்புக்கு என்னங்க பதில்?

காங்கேயத்தான்: நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, சனங்க பாக்கற மாதிரி சின்ன வானாய்வுக்கூடம் கட்டணும்னா கடலோரக் கிராமந்தான் தோது, கொங்கு நாடு ஆவாதுன்னு. ஏனுங்க, தொலைநோக்கிக் கண்ணாடியில இருக்கற அலுமினியப் பூச்சு உப்புக்காத்துல எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தூத்துக்குடி மாப்பிள்ளை: நாந்தான் எழுதினேன். கடல் பக்கம் பாதி வானத்துக்குத் தெருவிளக்குத் தொந்தரவே கிடையாது. நம்ம கொங்குல ஜூன் பொறந்தா பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகம் வந்து மூடிக்குது. திருப்பூர் வெளிச்சம் வேற.

காங்கேயத்தான்: ஐப்பசி கார்த்திகைல அங்க குடை புடிச்சுட்டு சனிக்கோள் பாப்பீங்களாக்கும்? அது கெடக்கட்டும், உப்பு?

உடுமலை வாத்தியார்: 1792ல நுங்கம்பாக்கத்துல கட்டின மெட்ராஸ் வானாய்வகம் நூறு வருசம் ஓடுச்சுங்களே. கடல் எட்டற தூரந்தான்.

காங்கேயத்தான்: 1899ல கொடைக்கானலுக்கு மலையேறிடுச்சே! காவலூர்ல 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வெச்ச தொலைநோக்கியை ஜவ்வாது மலைல, 725 மீட்டர் உயரத்துல ஏன் வெச்சாங்க? வாத்தியாருக்குப் பாதிப் பாடந்தான் தெரியுமாட்ட இருக்குது.

உடுமலை வாத்தியார்: கொடைக்கானல் போனது சூரியனைப் பாக்க. உப்புக்குப் பயந்து இல்லீங்க.

நொய்யல்கரை: ஊட்டி முத்தொரையிலயே ஒண்ணு இருக்கே, அங்க போலாமே?

உடுமலை வாத்தியார்: அது ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், ஆனா கண்ணை வெச்சுப் பாக்க முடியாது.

நொய்யல்கரை: ஊட்டி கொங்குல சேருமா, சேராதா?

தூத்துக்குடி மாப்பிள்ளை: நிலாப் பள்ளம், சனி வளையம், வியாழனோட நாலு நிலா. இதுக்கு ஆறு அங்குல அகல வாய் இருக்கற தொலைநோக்கி போதும், மலை எதுக்கு? கண்ணாடிக்குப் பதிலா லென்ஸ் வெச்சது வாங்கினா உங்க அலுமினியப் பூச்சுப் பேச்சே இல்லை.

காங்கேயத்தான்: கூரையை நகத்தற இரும்புத் தண்டவாளம், போல்ட்டு, நட்டு? உப்பு லென்ஸைக் கண்டா ஒதுங்கிப் போயிருமா? மாமனார் ஊருன்னா கடத்தண்ணியும் இனிக்கத்தான் செய்யும்.

தூத்துக்குடி மாப்பிள்ளை: மாமனாரை இழுக்காதீங்க.

காங்கேயத்தான்: 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் கோயமுத்தூர், திருப்பூர், கரூர்னு தெரிஞ்சுது. தூத்துக்குடில முழு வளையம் இல்லை. அதனாலதான இங்க வந்து எங்கிட்ட கிரகணக் கண்ணாடி வாங்கிட்டுப் போனீங்க? இன்னும் திரும்பி வரலை.

தூத்துக்குடி மாப்பிள்ளை: கீறல் விழுந்துருச்சு, வீசிட்டேன். அதை மாட்டிட்டு சூரியனைப் பாத்தா கண்ணு போயிரும்.

நொய்யல்கரை: ஊட்டி பத்திக் கேட்டேன்.

காங்கேயத்தான்: கீறல் விட்டது யாருங்க? 2031 மே 21ல மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வளைய கிரகணம் வருது. அதுக்குள்ள புதுசு வாங்கிக் குடுங்க. உப்பு படாததா.