டாசிட்டஸ் காட்டும் டைபீரியஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கடைசிவரி:
ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் 'ஆனல்ஸ்' முதல் ஆறு புத்தகங்களை, அதாவது பேரரசர் டைபீரியஸ் காலம் முழுவதையும், மொழிபெயர்ப்பில் படித்தேன். கோபமும் சார்பும் இல்லாமல் எழுதுகிறேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, மனிதர் பக்கத்துக்குப் பக்கம் டைபீரியஸைக் குத்திக்கொண்டே போகிறார். நல்லது செய்தால் பாசாங்கு, பேசாமல் இருந்தால் வஞ்சம். டைபீரியஸின் தத்துப்பிள்ளை ஜெர்மானிகஸ் சாகும் இடத்தில் விஷம் வைத்தார்கள் என்று எங்கேயும் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் படித்து முடிக்கும்போது கொலைகாரர்கள் யார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்! டைபீரியஸ் இறந்தது கி.பி. 37, இவர் எழுதியது கிட்டத்தட்ட 80 வருடம் கழித்து. இதையெல்லாம் ஆய்வாளர்கள் எப்படிச் சரிபார்க்கிறார்கள்? வெளிச்சான்று ஏதாவது உண்டா, இல்லை நடையை வைத்து ஊகம்தானா?

ஓரக்குறிப்பு:
உண்டு, ஆனால் குறைவு. பழையதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1528-ல் லியோன் நகரில் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. கௌல் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பிரமுகர்களை செனட்டில் சேர்க்கச் சொல்லி கி.பி. 48-ல் பேரரசர் கிளாடியஸ் பேசிய பேச்சு அதில் இருக்கிறது, மேல்பகுதி மட்டும் போய்விட்டது. அதே பேச்சு ஆனல்ஸ் 11.24-லும் (பதினோராம் புத்தகம், 24-ம் அத்தியாயம்) வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் சிரிப்பு வரும். அசல் கிளாடியஸ் எட்ருஸ்கன் (ரோமுக்கு வடக்கே இருந்த பழைய இனம்) பழங்கதைக்குள் புகுந்து சுற்றிவிட்டு, பேச்சு எங்கே போகிறது என்று சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தன் பெயரைத் தானே அழைத்துச் சொல்லிக்கொள்கிறார். டாசிட்டஸின் கிளாடியஸுக்கு அந்தத் தடுமாற்றமே கிடையாது. வெளியாட்களைச் சேர்த்துத்தான் ரோம் வளர்ந்தது என்ற வாதம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் வரிசையும் வீச்சும் முழுக்க டாசிட்டஸுடையவை. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்களிடம் இது சகஜம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. டாசிட்டஸ் வெட்டியெறிந்த எட்ருஸ்கன் கதையில் வரும் கேலியஸ் விபென்னா என்ற தலைவன், 4.65-ல், ரோமின் கேலியன் குன்று எரிந்த செய்திக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். அதைப் பிடித்துக்கொண்டுதான் வரலாற்றாய்வாளர் ரொனால்ட் சைம், டாசிட்டஸ் கிளாடியஸின் பேச்சுகளை நேராகவே படித்திருக்கிறார் என்று வாதாடினார். சைமின் 1958 நூல் இரண்டு தொகுதி, மலைப்பாக இருக்கும், ஆனாலும் இன்றுவரை எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சாட்சிக்கூண்டு:
நீங்கள் கேட்ட ஜெர்மானிகஸ் விஷயத்துக்கே சான்று இருக்கிறது. ஜெர்மானிகஸைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சிரியா ஆளுநர் பிசோ மீதான வழக்கில் செனட் போட்ட தீர்மானம், வெண்கலத்தில் பொறித்தது, தெற்கு ஸ்பெயினில் கிடைத்து 1996-ல் பதிப்பாக வந்தது. தேதி கி.பி. 20, டிசம்பர் 10. ஒரு பிரதி இல்லை, பல. மாகாணங்களிலும் படை முகாம்களிலும் வைக்க வேண்டும் என்று தீர்மானமே சொல்கிறது.

டாசிட்டஸ் எங்கே தேறுகிறார்? பிசோவின் மனைவி பிளான்சினா டைபீரியஸின் தாய் லிவியாவின் தயவில்தான் தப்பினாள் என்று அவர் எழுதியதை நான் வம்பு என்றுதான் நினைத்திருப்பேன், ஆனால் லிவியா கேட்டுக்கொண்டதால் மன்னித்தோம் என்று தீர்மானத்தில் வெளிப்படையாகவே பொறித்திருக்கிறார்கள். எங்கே இடிக்கிறது? தேதியில். அவர் கதைப்படி வழக்கு மே மாத இறுதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது, தீர்மானமோ டிசம்பர். ஏன் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். விஷக் குற்றச்சாட்டு வழக்கில் நிற்கவில்லை என்று 3.14-ல் அவரே எழுதுகிறார், அதைக் கவனித்தீர்களா? அப்புறம் 3.16-ல், பிசோ கையில் ஏதோ ரகசிய ஓலை இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று ஒரு போடு. உங்களை முடிவு கட்ட வைத்தது இந்த மாதிரி இடங்கள்தான்.

கடைசிவரி:
3.14-ஐ வேகமாகத் தாண்டியிருக்கிறேன், திரும்பப் போய்ப் பார்த்தேன், இருக்கிறது. சரி, அப்போது தீர்மானம்தான் உண்மை, டாசிட்டஸ் அதன் மேல் பூசியது மெருகு என்று எடுத்துக்கொள்ளலாமா?

சாட்சிக்கூண்டு:
வேண்டாம். தீர்மானம் மெய்க்கீர்த்தி மாதிரி, அரச குடும்பத்தில் ஆளாளுக்குப் புகழ்ச்சி. பொறித்த செய்தி என்பதால் நடுநிலை ஆகிவிடாது. அந்தப் பணிவுக்குப் பின்னால் இருந்த பயத்தை டாசிட்டஸ்தான் சொல்கிறார், அவரே செனட்டர், கொடுங்கோல் பேரரசர் டொமிஷியன் காலத்தில் அந்த அவையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்.

மறுபக்கம்:
மேலே இரண்டு பேரும் டாசிட்டஸுக்குக் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் போடுகிறார்கள். பேச்சுகளை விடுங்கள், போர்க் காட்சிகளைப் பாருங்கள். ஜெர்மானியரிடம் படையோடு அழிந்த ரோமத் தளபதி வாருஸின் போர்க்களத்தை ஜெர்மானிகஸ் பார்க்கப் போவதும், அடுத்து அவருடைய தளபதி செகினா ஒரு சதுப்பில் மாட்டிக்கொள்வதும் (1.61-65), டாசிட்டஸே முன்பு எழுதிய 'ஹிஸ்டரீஸ்' நூலின் காட்சிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று ஆய்வாளர் உட்மன் 1979-ல் வரிக்கு வரி வைத்துக் காட்டினார். விவரம் கையில் இல்லை, அதனால் தன் பழைய எழுத்திலிருந்தே நிரப்பிக்கொண்டார் என்பது அவர் கட்சி. சைமைப் படித்தவர்கள் இதையும் படித்துவிட வேண்டும்.

ஓரக்குறிப்பு:
உட்மனின் ஒற்றுமைகள் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் கால்க்ரீஸில் தோண்டியபோது குழிகளில் மனித எலும்புகள் கிடைத்தன, புதைக்கப்படுவதற்கு முன் சில வருடங்கள் வெளியில் கிடந்தவை. வாருஸ் தோற்று ஆறு வருடம் கழித்து ஜெர்மானிகஸ் அந்த எலும்புகளைப் புதைத்தார் என்று 1.62 சொல்வதோடு ஒத்துப்போகிறது. அது வாருஸின் களம்தானா என்பதில் எல்லோரும் உடன்படவில்லை, இருந்தாலும் சொற்கள் பழையவை என்பதால் நடந்ததே கற்பனை என்று தாவ முடியாது.

கடைசிவரி, முதலில் 3.10 முதல் 3.19 வரை பிசோ தீர்மானத்தோடு சேர்த்துப் படியுங்கள், ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். இதே போல டைபீரியஸின் வலதுகையாக இருந்த செஜானஸின் வீழ்ச்சியையும் சோதிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். ஐந்தாம் புத்தகத்தில் அந்தப் பகுதியே தொலைந்துவிட்டது, முதல் ஆறு புத்தகங்களுக்கு நம்மிடம் இருப்பது ஒன்பதாம் நூற்றாண்டுக் கைப்பிரதி ஒன்றே ஒன்றுதான்.