‘ஹீட் ஷீல்ட்’ – விறகடுப்புச் சுவருக்கு ஒரு சொல் வேண்டும்

ஸ்காபரோக்காரி:
அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் விறகு ஹீட்டர் வைக்கும் தமிழ் வீட்டுக்காரருக்கான துண்டறிக்கை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தும் தகட்டுக்கு என்ன சொல்? இப்போதைக்கு ‘வெப்பக்காப்பு’ என்று போட்டிருக்கிறேன்.

கட்டடக்காரன்:
தங்கச்சி, அதை மட்டும் போடாதீங்கோ. வெப்பக்காப்பு என்றால் சுவருக்குள்ளே அடைக்கிற கண்ணாடிநார்ப் பஞ்சு. இங்கே வேலை செய்கிறது தகட்டுக்குப் பின்னால் ஓடுகிற காற்று. எரியாத இடைத்துண்டு வைத்துத் தகட்டைச் சுவரிலிருந்து குறைந்தது 21 மி.மீ. தள்ளிப் பூட்ட வேணும். அடியிலும் மேலேயும் திறந்து விட வேணும். குளிர்காற்று கீழால் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு மேலால் போகும். பாதுகாப்புச் சான்றில்லாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் நடுவில் கனடாவில் 1200 மி.மீ. தூரம் கேட்பார்கள். இப்படிப் பூட்டினால் வெறும் தகரமே அதில் 67 சதவீதத்தைக் குறைக்கும். எரியாத பலகையில் டைல் ஒட்டி, பின்னால் தகரம் இல்லாமல் நிறுத்தினால் 50தான்.

சனம் என்ன செய்யுது? வடிவான கல்லை ஜிப்சம் சுவரில் நேரே ஒட்டிப்போட்டு அடுப்பைக் கிட்டத் தள்ளுது. கல் எரியாது, சரி. சூட்டைக் கடத்துமே! உள்ளே மரச்சட்டம் வருஷக்கணக்காய்க் காய்ந்து கருகி, பிறகு குறைஞ்ச சூட்டிலேயே பத்தும். தள்ளி நிற்கிற சாமான் என்று சொல்லிலேயே தெரிய வேணும்.

நெல்லைப் புலவன்:
ஷீல்டுக்கு வழங்கும் கேடயமும் கவசமும் வடசொற்கள். கேடயத்துக்கு நம்மிடம் ‘கிடுகு’ இருக்கிறதே! “கிடுகு நிரைத்து எஃகு ஊன்றி” என்கிறது பட்டினப்பாலை. வெப்பக்கிடுகு என்க. அடுப்பை மட்டும் ஏன் ஹீட்டர் என்கிறீர்கள் அம்மா? நெடுநல்வாடையில் வாடைக்குளிருக்கு மூட்டியது “பகுவாய்த் தடவு”. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்பது தொல்காப்பியம். ஆக, பெருவாய்க் கலம் தடவு. தடந்தோளும் இதனோடு ஒட்டியதே. விரிவாக எழுதலாம்…

ஸ்காபரோக்காரி:
ஐயா, எங்கட ஊரில் கிடுகு என்றால் பின்னின தென்னோலை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் கிடுகு நிறுத்துங்கள் என்று நான் அச்சிட்டால், தீயணைப்புக்காரர் என்னைத்தான் தேடி வருவார்கள்.

குன்னூர்வாசி:
‘தடவு’ என்றால் இங்கே தைலம் தடவுவதுதான் நினைவுக்கு வரும், புலவரே. எங்கள் பழைய பங்களாக்களில் இருப்பது கணப்பு, நல்ல சொல். தகட்டுக்கு ‘வெப்பக் கவசம்’ போதாதா? விண்கலத்துக்குப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன.

கட்டடக்காரன்:
கவசம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. கர்ணனுக்குத் தோலோடேயே பிறந்தது! ஒட்டக்கூடாது என்றுதானே இவ்வளவு நேரமாய்க் கத்துறன்? ‘அனல் தட்டி’ எப்படி? தட்டி தனியாய் நிற்கும். பின்னால் காற்றும் போகும்.

நெல்லைப் புலவன்:
தட்டி தமிழ்தான், ஒப்புகிறேன். ஆனால் புணர்த்தால் ‘அனற்றட்டி’ என்று வரும். கல்+தூண் கற்றூண் ஆவதுபோல. பிரித்தெழுதுவது வழு.

குன்னூர்வாசி:
அனற்றட்டி! அதை வாசிப்பதற்குள் வீடு பற்றிக்கொள்ளும். மேலும் எங்கள் பக்கம் தட்டி என்றால் மூங்கில், இல்லாவிட்டால் தேர்தல் விளம்பரம். ‘ஹீட் ஷீல்ட்’ என்றே எழுதிவிட்டுப் போங்களேன். கடையில் அப்படித்தானே கேட்கப் போகிறார்கள்?

ஸ்காபரோக்காரி:
‘வெப்பத்தட்டி’ என்றால் புணர்ச்சிச் சண்டை இல்லையே? நாளை வெள்ளி. அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஹீட் ஷீல்ட் என்றும் வரும். ‘சுவரில் ஒட்டக் கூடாது’ என்பதைத் தடித்த எழுத்தில் தனி வரியாய்ப் போடுகிறேன், அண்ணை.

கட்டடக்காரன்:
அது போதும். சான்று பெற்ற அடுப்பென்றால் அதன் லேபிளில் உள்ள தூரம்தான் கணக்கு என்றும் ஒரு வரி சேருங்கோ.

குன்னூர்வாசி:
சரி, வெப்பத்தட்டி. மூங்கில் என்று யாரும் நினைத்தால் நான் பொறுப்பில்லை.

நெல்லைப் புலவன்:
கிடுகை விட்டுக்கொடுத்தது எனக்கு உடன்பாடில்லை; பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். அது நிற்க, ‘இடைத்துண்டு’ என்று ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். துண்டு என்பது சரியா?