பழைய பிளேஸ்டேஷனைப் பதிவு பண்ண உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதறேன். 1997-ல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7-ங்கிற வீடியோ கேமை, எங்க மாமா கொடுத்த பழைய பிளேஸ்டேஷன் கேம் மிஷினில், மூணு டிஸ்க்கும் தமிழில் பேசிக்கிட்டே விளையாடி வீடியோ எடுக்கறேன். வசனத்தைத் தமிழில் சொன்னதும் தெருப் பசங்க கதை கேட்க உட்கார்ந்துடறாங்க. அதுக்காகவே இதை முடிக்கணும்.

படம்தான் சரியா வரல. கேமோட ஹீரோ கிளவுட் நடந்தாலே உடம்போட ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழியுது. மிஷின் அனுப்புறது 240பி, அதாவது ஒவ்வொரு தடவையும் 240 வரியும் முழுசா வர்ற படம்; என் யூஎஸ்பி கேப்சர் கார்டு (மிஷின் படத்தைக் கம்ப்யூட்டரில் பதியற கருவி) அதை 480ஐ-னு, அதாவது ஒண்ணுவிட்டு ஒரு வரியா ரெண்டு பாதியா வர்ற படம்னு எடுத்துக்குது. படம் வர்ற மஞ்சள் வயரை மாத்தியும் பார்த்துட்டேன், அப்படியேதான் இருக்கு.

240பி-யைச் சரியா எடுக்கிற கார்டோ அப்ஸ்கேலரோ (படத்தைப் பெருசாக்கித் தர்ற பெட்டி) காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யார்கிட்டயாவது இருக்கா? ஒரு நாள் கொடுத்தா போதும், நானே வந்து வாங்கி, பத்திரமாத் திருப்பித் தரேன்.

இன்னொண்ணு: இந்த வெயிலில் ஃபேனை நிறுத்தவே முடியல. மைக்கில் அந்த இரைச்சல் விழாம எப்படிப் பேசறீங்க?