புதுப்பிப்பு: "அப்புறம் என்ன ஆனது?" என்று கேட்டவர்களுக்கு

போன முறை இலங்கைத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஜோசப் பரராஜசிங்கம், ரவிராஜ், ஊடகவியலாளர் நிமலராஜன் மூவரின் கொலைகளையும் பற்றி எழுதி, நீதி கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். வழக்குகள் எப்படி முடிந்தன என்று பலர் கேட்டீர்கள், நியாயமான கேள்வி.

பரராஜசிங்கம் 2005 நத்தார் ஆராதனையின்போது மட்டக்களப்பு மரியாள் தேவாலயத்துக்குள், அத்தனை பேர் கண்முன்னே சுடப்பட்டார். அந்தக் கொலைக்காக 2015இல், முன்பு கிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்த பிள்ளையான் கைதானார். வழக்கு பெரும்பாலும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெற்ற வாக்குமூலங்களையே நம்பி நின்றது. அவற்றை ஏற்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும், அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபர் தரப்பு வழக்கைத் தொடரவில்லை, 2021 ஜனவரியில் பிள்ளையான் உட்பட எல்லோரும் விடுதலை. அந்தச் சட்டத்தை நான் எப்போதும் எதிர்ப்பவன், அதனால் வாக்குமூலத்தைத் தள்ளியது தவறென்று சொல்ல மாட்டேன். தேவாலயம் நிறைய ஆட்கள் இருந்தும் வேறு சாட்சியம் ஏன் திரட்டப்படவில்லை, யாரும் பயமின்றி வந்து பேசும்படி ஏன் பாதுகாப்புக் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ரவிராஜ் வழக்கில் 2016 டிசம்பர் 24 அதிகாலையில் ஜூரிகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தார்கள். 2000இல் ஊரடங்கு நேரத்தில் யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே கொல்லப்பட்ட நிமலராஜனின் வழக்கும் 2021இல் கைவிடப்பட்டது.

ஊடகவியலாளர் சிவராமைச் சேர்க்காதது என் தவறு. 2005 ஏப்ரல் 28 கடத்தப்பட்டார், மறுநாள் பாராளுமன்றத்துக்கு அருகில் உடல் கிடந்தது. அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.