வன உரிமைச் சட்டப்படி காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டவர்களின் இடத்தை அளந்து பார்க்கும் கள ஆய்வில் உங்கள் பக்கம் எங்கே சிக்கியது? (பதில்கள், எழுதியவர்களின் புனைபெயரோடு)

காட்டுப்பாதை
ஒரு சோளகர் பழங்குடி ஊர். உரிமை கேட்கும் மனுவான ஏ படிவம் எல்லாம் ஒழுங்கு. வி.ஏ.ஓ. வந்தார், வனவரும் வந்தார், அளந்து முடிக்க மத்தியானம் ஆனது. கள ஆய்வுப் பதிவான மகஜரை நீட்டியதும் வனவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "ரேஞ்சரைக் கேட்டுட்டுச் சொல்றேன்." அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ராகிக் காட்டின் பழைய கல்கட்டு. பத்தடி தள்ளி உண்ணிச்செடிக்குள் முன்னோர் புதைகுழிக் கல். இரண்டுமே வன உரிமை விதிகளில் 13-ஆம் விதி சொல்கிற சான்றுகள், இரண்டுமே மகஜரில் ஏறவில்லை. கிராம சபைக்கு மேலே மனுக்களைப் பார்க்கும் கோட்டக் குழு "வனத்துறை ஒப்பம் இல்லை" என்று மனுக்கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பியது.

ஊர்க்கூட்டம்
மனுக்கட்டு திரும்பியது கையெழுத்தால் இல்லை, கல்கட்டை எழுதாமல் விட்டதால். 2012 திருத்தத்தில் வந்த 12ஏ விதி, இரண்டு துறையும் இடத்துக்கு வந்து, பதவி, தேதி, கருத்து இருந்தால் அதையும் எழுதி ஒப்பமிட வேண்டும் என்கிறது. மறுத்தால் "வந்திருந்தார், ஒப்பமிட மறுத்தார்" என்று கிராம சபையின் வன உரிமைக் குழுவே அங்கேயே எழுதி ஊராரிடம் கையெழுத்து வாங்கலாமே? நோட்டீஸ் கொடுத்தும் வராமல் இருந்துவிட்டு, 'நாங்கள் அப்போது இல்லை' என்று பின்னால் ஆட்சேபித்தால் மனு மறுஆய்வுக்குக் கிராம சபைக்குத் திரும்பும், அப்போதும் வராவிட்டால் கிராம சபை முடிவே இறுதி. ஆனால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

சங்கிலி அளவு
ஊர்க்கூட்டம் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் மறுப்பை எழுதிவைத்துவிட்டு மேல்முறையீட்டுக்கு அலைவது அந்த ஊர்தான், நாம் இல்லை. அமைப்புகள் முதலில் ஆர்.டி.ஓ.விடம் (கோட்டாட்சியரிடம்) போய், எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த வனவர், எந்த சர்வேயர் என்று ஒரே உத்தரவாக வாங்க வேண்டும். கோட்டக் குழுவுக்குத் தலைவர் அவர், வனத்துறையும் அதே குழுவில்தான். மேலே இருந்து தேதி வந்தால் கீழே பேனா மூடாது.

கேட்காமலே இன்னும் சொல்கிறேன். கிராம சபைக் கூட்டத்தைப் பஞ்சாயத்து அளவில் போடாதீர்கள். பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும். ஏழெட்டு ஊரைச் சேர்த்தால் எண்ணிக்கை நிற்காது, தீர்மானமே செல்லாமல் போகும். குடியிருப்பு அளவில் கூட்டச் சொல்லி மத்தியப் பழங்குடியினர் அமைச்சகம் 2012-லேயே எழுதியிருக்கிறது. வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர்.

அளக்கும்போது மூலைகளில் மட்டும் புள்ளி எடுக்காதீர்கள், எல்லை வளையும் இடமெல்லாம் நின்று எடுங்கள். மரநிழலில் ஜி.பி.எஸ். 5 மீட்டர் தவறுவது சாதாரணம். சதுரமான 50 சென்ட் காட்டில் நாலு பக்கமும் 5 மீட்டர் உள்ளே தள்ளினால் மிஞ்சுவது 30 சென்ட். உழுத காட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உரிமைச் சான்றில் வரும்! டேப் பிடித்து இரண்டு பக்கமாவது சரிபாருங்கள், சர்வேயர் முன்னாலேயே.

நெல்லிமரம்
ஜி.பி.எஸ். கதையை விடுங்கள். ஒரு ஊரில் 2005 செயற்கைக்கோள் படத்தைக் காட்டி "இங்கே புதர்தான் இருக்கிறது" என்று மொத்தமாகத் தள்ளினார்கள். தரிசு போட்ட ராகிக் காடு மேலிருந்து புதராகத்தானே தெரியும்? படம் துணைச் சான்று மட்டுமே, மற்ற சான்றுகளுக்கு மாற்றாகாது என்று அதே 12ஏ சொல்கிறது. மனு போடாத ஒரு பெரியவர், அந்தக் காட்டில் யார் எந்த வருஷம் விதைத்தார்கள் என்று சொன்னதை எழுதி இணைத்த பிறகுதான் கோட்டக் குழு மறுபடி பார்த்தது.

ஊர்க்கூட்டம்
தள்ளினால் காரணத்தை எழுத்தில் மனுதாரர் கையில் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு 60 நாள். 2019 பிப்ரவரி 13-ல் உச்ச நீதிமன்றம், தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்னதும் 28-ஆம் தேதியே அதை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். தள்ளுபடியான பலருக்குக் காரணம் சொல்லும் காகிதமே வந்திருக்கவில்லை.

காட்டுப்பாதை
அந்த ஊரில் மறுஆய்வு நடந்து கல்கட்டும் புதைகுழிக் கல்லும் இப்போது மகஜரில் இருக்கின்றன. சங்கிலி அளவு சொன்னபடி ஆர்.டி.ஓ. தேதியில்தான். ஆனால் வந்த உரிமைச் சான்றுகளில் மூன்றில் மனைவி பெயர் இல்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். திருத்த மனு கலெக்டருக்குத்தானே? மாவட்டக் குழு அவர் தலைமையில்தான். யாராவது திருத்தி வாங்கியிருந்தால் படிவத்தை இங்கே போடுங்கள்.