முட்டி வெளிப்பக்க வலி, 8 கிலோமீட்டரைத் தாண்ட முடியல, உதவுங்க

வணக்கம். ஜனவரில சென்னைல ஹாஃப் மாரத்தான், 21.1 கிலோமீட்டர். புற்றுநோய் வந்த குழந்தைங்களோட சிகிச்சைக்கு நிதி திரட்டி ஓடறேன், ஆபீஸ்லயும் சொந்தக்காரங்களும் பணம் குடுத்துட்டாங்க, அதனால பாதில விட மனசே வரல. வயசு 38, ஜூலைல தான் ஓடவே ஆரம்பிச்சேன்.

பிரச்சனை வலது முட்டியோட வெளிப்பக்கம். முதல் 5 கிலோமீட்டர் ஒண்ணுமே தெரியாது, ஏழு தாண்டினதும் கத்தி வெச்சு கீறற மாதிரி பிடிக்கும், நடந்தா போயிடும், திரும்ப ஓடினா உடனே வந்துடும். அன்னிக்கு மாடிப்படி ஏறிடலாம், இறங்கத்தான் முடியாது, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா பக்கவாட்டுல இறங்கறேன். வீக்கம் இல்ல, முட்டி லாக் ஆகறதும் இல்ல.

ஃபிசியோ பார்த்துட்டு ஐடி பேண்ட் (இடுப்புலேர்ந்து தொடையோட வெளிப்பக்கமா முட்டி வரைக்கும் வர்ற தசைநார்ப் பட்டை) பிரச்சனைன்னு சொன்னார். ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தாச்சு, ஐஸ், ஃபோம் ரோலர், இடுப்புக்கு கிளாம்ஷெல், சைடு பிளாங்க்னு பயிற்சி எல்லாம் விடாம பண்றேன். ஷூ ஆசிக்ஸ் ஜெல் நிம்பஸ், புதுசுதான். பெசன்ட் நகர்ல ரோட்டு ஓரமா ஓடிட்டிருந்தேன், அந்த சரிவு காரணமா இருக்குமோன்னு கிரவுண்டுக்கு மாறினேன், வலி கொஞ்சம் தள்ளி வருது, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டினா வலிக்கல.

இதே வலி வந்து அப்புறம் ஹாஃப் முடிச்சவங்க சொல்லுங்க, லாங் ரன்ன (வாரத்துல ஒரு நாள் ஓடற நீள ஓட்டம்) திரும்ப எந்த தூரத்துல ஆரம்பிச்சு வாரத்துக்கு எவ்வளவு ஏத்தினீங்க?