38 நாள் பாப்பாவோடு ஏற்காட்டில் கிறிஸ்துமஸ்: போகலாமா?

அரிசிபாளையம் அம்மா:
வணக்கங்க. எனக்குத் தலைப்பிரசவம். பாப்பா நவம்பர் 16 பிறந்தா, அப்ப 2 கிலோ 400 கிராம்தான். இப்பதான் 3 கிலோவைத் தொட்டிருக்கா. ஒவ்வொரு கிராமும் ராத்திரி முழிச்சு ஏத்தினது, அதனாலதான் இவ்வளவு பயம்.

நான் சேலத்துல அம்மா வீட்டுல இருக்கேன். மாமியார் வீடு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். அத்தை எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கிறாங்க. பாப்பா பிறந்த மூணாம் நாள் வந்து ஒரு மணி நேரம் மடியில வெச்சிருந்துட்டு பஸ்ஸுக்கு ஓடினவங்கதான், அப்புறம் பார்க்கவே இல்ல. இது பறிப்புக் காலம். பழுத்த பழம் காத்திருக்காது, ஒரு நாள் விட்டா அன்னிக்குக் கூலி போச்சு. அவங்களைக் கீழ வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல.

ஃபோன்ல ஒரே தடவைதான் கேட்டாங்க: "குடில் கட்டியாச்சு கண்ணு. புள்ளையைக் கொண்டாந்து காட்டுறியா?" அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

நாப்பது நாள் ஆகாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. 24ஆம் தேதி 38 நாள்தான் ஆகும். 28ஆம் தேதி ஆறாவது வாரத் தடுப்பூசி. வீட்டுக்காரர் முடிவை என்கிட்டயே விட்டுட்டார்.

20 கொண்டை ஊசி வளைவுல பாப்பா காது அடைக்குமா? மேல ஐயாயிரம் அடி கிட்ட, ராத்திரிக் குளிர் தாங்குவாளா? அத்தை வீடு ஷீட் கூரை. குளிருக்குக் கரிச்சட்டியை ரூமுக்குள்ளயே வெச்சுப்பாங்க. நடுராத்திரிப் பூசைக்குத் தூக்கிட்டுப் போகலாமா? ஒன்றரை மணிக்கு எப்படியும் பாலுக்கு எழுந்துடுவா.

மலைக்காட்டுப் பாட்டி:
கண்ணு, நான் மூணு பெத்ததும் இந்தக் குளிர்லதான். மலையில பொறக்குற புள்ளைங்க வளராமலா இருக்கு? ஆனா கீழ இருந்து வர்ற புள்ளைக்குத் திடீர்னு மாறும், அது வேற. சாயங்காலம் ஏறாதே, பனி இறங்கிடும், வளைவுல எதிர வர்ற வண்டி தெரியாது. காலையில பத்து, பதினொண்ணுக்கு வெயில்ல வா. பூசைக்குப் புள்ளை வேண்டாம். கோயிலுக்குள்ள கூட்டம், வெளிய பனி. 25 காலைப் பூசை முடிஞ்சு குடிலைக் காட்டிட்டு வந்தா போதும்.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
முதல்ல கரிச்சட்டி. மூடின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொல்லும். பாப்பாவுக்கு மட்டும் இல்ல, உங்க அத்தைக்கும்தான். தயவுசெஞ்சு இதை அவங்ககிட்ட இன்னிக்கே சொல்லுங்க.

குளிருக்கு நல்ல வழி உங்க நெஞ்சுதான். பாப்பாவுக்கு டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, நீங்க முழிச்சிருக்கும்போது தோலோட தோலா அணைச்சு மேல போர்த்திக்கோங்க. உள்ளங்காலையும் வயித்தையும் தொட்டுப் பாருங்க, ரெண்டும் வெதுவெதுன்னு இருக்கணும். கால் மட்டும் சில்லுன்னா உடனே நெஞ்சோட அணைக்கணும். வயிறும் சில்லுன்னா ஆஸ்பத்திரிதான். அதுக்காக நாலு ஸ்வெட்டர் போட்டு வேர்க்க விடாதீங்க. தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைங்க, முகத்துக்கிட்ட கம்பளி வேண்டாம்.

காதுக்குப் பால் குடிக்கிறதே மருந்து, முழுங்கும்போது அடைப்பு விடும். ஓடுற வண்டியில குடுக்காதீங்க, அஞ்சாறு வளைவுக்கு ஒருக்கா ஓரமா நிறுத்திக் குடுங்க.

நிமிஷத்துக்கு 60க்கு மேல மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மாட்டேன்னாலோ, 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் அடிச்சாலோ விடியட்டும்னு இருக்காதீங்க. எடை குறைச்சலாப் பிறந்த பாப்பா, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. 27ஆம் தேதிக்குள்ள இறங்கிட்டா தடுப்பூசியும் தவறாது.

ரெட்டைப் புள்ளை அப்பா:
ஒண்ணே ஒண்ணு. கேரல் வர்றவங்க, சொந்தக்காரங்க எல்லாரும் தூக்கி முத்தம் குடுப்பாங்க. எங்க வீட்டுல அப்படித்தான் ஒரு டிசம்பர்ல ரெண்டுக்கும் சளி பிடிச்சு, ஒருத்தன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தான். கை கழுவிட்டுத் தூக்கச் சொல்லுங்க. சளி, இருமல் இருக்கிறவங்க எட்ட நின்னு பார்க்கட்டும். இதை நீங்க சொன்னா மருமகள் சொன்னான்னு ஆகும். உங்க வீட்டுக்காரரைச் சொல்ல வைங்க.

அரிசிபாளையம் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து டாக்டர்கிட்ட காட்டினோம். 3 கிலோ 100. சளி ஏதும் இல்லைன்னா போய்ட்டு வரலாம்னு சொல்லிட்டார். 24 காலையில வாடகைக் கார்ல ஏறுறோம், 26 மதியம் இறங்கிடுவோம். அம்மாவும் கூட வர்றாங்க. நாப்பது நாள் கணக்கை விட்டுட்டாங்கன்னு இல்ல, என்னைத் தனியா அனுப்ப மனசு வரல.

கரிச்சட்டி விஷயத்தை அத்தைகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "இத்தனை வருஷம் வெச்சுட்டுத்தானே தூங்கினேன்"னாங்க. சாயங்காலம் அவங்களே கூப்பிட்டு, சட்டியைத் திண்ணைக்கு வெளிய வெச்சுட்டேன்னு சொன்னாங்க.

நடுராத்திரிப் பூசைக்கு அத்தையும் வீட்டுக்காரரும் மட்டும் போறாங்க. அவங்க திரும்பி வர ஒன்றரை ஆயிடும். பாப்பா அப்ப முழிச்சிருப்பா.